ஆனைச்சரிவுக்குப் பெரிய டயர்

எப்சிபா தன் ஜீப்புக்குப் பெரிய டயர் போடப்போகிறாள் என்ற பேச்சு, டயர் வருவதற்கு முன்னாலேயே ஐந்தருவி ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்த காலை. நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். வெளியூர்க் கூட்டம் எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. டிரைவர்கள் பிச்சையாவின் ஜீப்பைச் சுற்றி நின்று டீ குடித்தார்கள்.

"டீச்சரம்மா ரீல்ஸ் எடுக்கப் போறா போலுக்கு."

"ஏலே, வெவரம் தெரியாமப் பேசாத. டயரு பெருசா இருந்தா மெட்ராஸ்காரன் தேடி வந்து ஏறுவாம்லா. அதுக்குத்தான்."

"ஏழரை சைஸாம்லே. அவளுக்கு ஏழரை தொடங்கிட்டு."

எப்சிபா வண்டியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். காதில் விழாதது மாதிரி நடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. துணியைப் பிழிந்து பானட்டில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ரீல்ஸ் எடுத்தா ஒங்க எல்லாரையும் சேத்துத்தான் எடுப்பேன். வண்டியத் தள்ளுதுக்கு ஆள் வேணும்லா."

சிரிப்பு எழுந்தது. பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டாண்டில் எந்த வண்டி முதலில் போவது, எது அடுத்தது என்று முறை வைப்பவர் அவர். அந்த மலைப்பாதையில் அவருக்கு முன்னால் ஜீப் ஓட்டியவர்கள் யாரும் இப்போது ஓட்டவில்லை.

"எதுக்கு பிள்ள இந்த வேல?" என்றார்.

"ஆனைச்சரிவுல ஆளை இறக்காம ஏறணும் அண்ணாச்சி. அதுக்குத்தான்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் டீ கிளாஸைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தருவிக்கு மேலே, மலைக்குள், மேல்தோட்டம் என்று ஒரு தனியார் தோட்டம் இருக்கிறது. மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு. இலஞ்சி, மேலகரம், வல்லம் பக்கத்துப் பெண்கள் அங்கே பறிப்பு வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஏற்றிப் போவதுதான் ஸ்டாண்டுக்குச் சோறு போடுகிற வேலை. பாதி வழியில் ஆனைச்சரிவு. யானை படுத்துக் கிடப்பதுபோல் ஒரே பாறை, அதன் மேலே ஏறிப் போகிறது பாதை. வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகிவிட்டது. நடுவில் பாறை முதுகு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். ஆள் பாரத்தோடு ஏறினால் ஜீப்பின் அடிவயிறு அந்த முதுகில் மாட்டும். சக்கரம் பிடியில்லாமல் சுற்றும். ஆகவே சரிவின் அடியில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். வண்டி காலியாக ஏறும். தூக்குச்சட்டியும் சாக்கும் சுமந்துகொண்டு பெண்கள் பின்னால் நடந்து ஏறுவார்கள். சக்கரம் உதைத்துத் தள்ளுகிற கல்லும் சேறும் அவர்கள் மேல் வந்து விழும். மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். காலி வண்டிக்கு வாடகை வாங்குகிறோம் என்று எந்த டிரைவருக்கும் தோன்றியதில்லை. எப்சிபாவுக்கும் வெகுநாள் தோன்றவில்லை.

போன வருடச் சாரலில் ஒரு காலை, அவள் வண்டி காலியாக ஏறிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் பின்னால் ஒருத்தி சறுக்கி விழுவதைப் பார்த்தாள். மாடத்தி. நடுவில் நிறுத்தினால் வண்டி பின்னால் வந்து அவர்கள் மேலேயே ஏறும். மேலே போய் நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். மாடத்தியின் வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. அந்த சீசன் முழுக்க அவளுக்கு வேலை இல்லை. இந்த வருடம் வருகிறாள். ஆனால் அந்தக் கையால் கிளையை வளைக்க முடியவில்லை.

பிச்சையா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசத்துல ஆனைச்சரிவுல ஒரு உசிரு போவல. எதனால? ஆளை இறக்கி விட்டுட்டு ஏறுதோம். உருண்டா டிரைவர் மட்டும்தான் போவான். நீ வண்டி நெறைய பொம்பளையாள ஏத்திக்கிட்டு உருண்டேன்னா?"

அது நியாயமான கேள்வி. ஆனாலும் எப்சிபாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"கை ஒடிஞ்சா அது கணக்குல வராதா அண்ணாச்சி?"

"ஒடிஞ்ச கை கூடும்."

"கூடல. போய்ப் பாருங்க."

பிச்சையா எழுந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி. திங்கக்கிழம முழு ஆளோட ஏறிக் காட்டு. ஏறிட்டேன்னா ஒன்னய ஒண்ணுஞ் சொல்லல. வழியில ஒரு ஆளு தரையில கால வச்சாலும், ஒன் வண்டி முறையில கெடையாது."

முறையில் இல்லாத வண்டி ஸ்டாண்டில் நிற்க முடியாது. தோட்டத்துக் கங்காணி அதில் ஆள் அனுப்ப மாட்டார். எப்சிபாவுக்கு வேறு வருமானமும் கிடையாது.

"சம்மதம்" என்றாள்.

அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஞானதுரை தென்காசி மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரி. அவள் இயற்பியல் படித்தாள். ஆய்க்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகளை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளையை உட்கார வை என்று தலைமை ஆசிரியை சொன்ன அன்று, பிள்ளையை உட்கார வைக்காமல் தான் எழுந்து வந்துவிட்டாள். அப்போது சித்தப்பா திருப்பூருக்குக் குடிபோகையில் விட்டுப்போன ஜீப், வாழைக்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்தது. கோழியை விரட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். "படிக்க வச்சது இதுக்கா?" என்று அப்பா கேட்டார். தப்பித்து வந்தோமா, தேடி வந்தோமா என்று அவளே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரத்தில் மட்டும் அந்தக் கேள்வி பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டயர் மாட்டியது தென்காசியில், செங்கோட்டை ரோட்டில் இருக்கும் இத்ரீஸ் பட்டறையில். பழைய டயர்களை உருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் நிறுத்தினான் இத்ரீஸ். இடுப்புக்கு மேலே வந்தது. கட்டை கட்டையாகப் பட்டன், டிராக்டர் டயர் மாதிரி.

"டயரப் பெருசாக்கினா டயரு மட்டும் பெருசாவாது, டீச்சர்" என்றான். "இழுவ கொறையும். ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கு லேட்டாத்தான் பிடிக்கும்."

"தெரியும் பாய். சக்கரம் பெருசானா என்ஜின் திருப்புறது கஷ்டம். பாடமே எடுத்திருக்கேன்."

"பாடத்துல பாற இருந்துச்சா?"

"இல்ல. அதான் ஒங்ககிட்ட வந்திருக்கேன்."

இத்ரீஸ் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினான். ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினான். பிரேக் ஷூ நான்கையும் மாற்றினான். நான்கு சக்கரத்தையும் மெதுகதியில் இழுக்க வைக்கும் சின்ன லிவர் துருப்பிடித்துக் கிடந்ததைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் தள்ளினாலே விழுகிற மாதிரி ஆக்கினான். எப்சிபா கூடவே நின்று போல்ட் முடுக்கினாள். வண்டி அவ்வளவு உயரமாகிவிட்டதால், பின்னால் இரும்புப் படி ஒன்றையும் பற்றவைக்கச் சொன்னாள். ஒரு கையால் பிடித்தே ஏறுகிற மாதிரி ஒரு கம்பியும்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எப்.சி. எடுக்கப் போறப்ப பழைய டயர மாட்டிட்டுப் போங்க" என்றான் இத்ரீஸ். "பெருசோட மாட்டிக்கிட்டா எம்பேரச் சொல்லிராதிய."

வாழைத்தார் கட்டிய வண்டியோடு வந்து நின்ற ஞானதுரை ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல ஏறணும்னா தென்னமரம் ஏறுதவனத்தான் கூப்பிடணும்."

"படி வச்சிருக்குப்பா."

"ஒனக்கு எதுக்கு ஏட்டி இவ்வளவு வீம்பு?"

"தெரியலப்பா."

உண்மையிலேயே தெரியவில்லை. மாடத்திக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோது, கடைக்கண்ணாடியில் தெரிந்த அந்த உயரமான கறுப்பு உருவத்தைப் பார்த்து அவள் மனசு துள்ளியது. இதுக்குத்தானா ஆசைப்பட்டேன் என்று கேட்டுக்கொண்டாள். இருந்துட்டுப் போகட்டும் என்றும் சொல்லிக்கொண்டாள். ஆசையும் நியாயமும் ஒரே வண்டியில் வந்தால் எதை இறக்கிவிடுவது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் மேல்தோட்டப் பாதைக்குப் போனாள். பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தாள், வண்டி நிறைய ஆள் இருந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவு. ஆனைச்சரிவில் சின்ன லிவரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். டயரின் பட்டன்கள் பாறையைக் கவ்வின. நடுவில் துருத்தியிருந்த முதுகு வண்டியின் அடியில் படாமல் நழுவிப் போனது. மேலே போய் நிறுத்தி இறங்கியபோது அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரித்தாள். கேட்க ஒரு மந்திகூட இல்லை.

திங்கட்கிழமை பெண்கள் ஏறினார்கள். மாடத்தி இடது கையால் கம்பியைப் பிடித்து இரும்புப் படியில் கால் வைத்தாள்.

"என்ன பிள்ள, மாடிவீடு மாதிரில்லா இருக்கு."

"ஒழுகாத மாடிவீடு, யக்கா."

"ஒழுகாட்டிப் போவுது. சரியாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எப்சிபா கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள்.

பின்னால் பிச்சையாவின் ஜீப் வந்தது, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. ஆனைச்சரிவுக்குச் சற்று முன்னால் பாதை மலையோடு ஒட்டிக் கொக்கி மாதிரி வளையும். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் தலை மட்டும் தெரிகிற பள்ளம். எப்சிபா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். அப்போதுதான் அது நடந்தது. வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும், பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தாமல், பள்ளத்துப் பக்கத்திலிருந்து மலைப்பக்கமாக நகர்ந்து ஒருவர் மேல் ஒருவர் ஒண்டிக்கொண்டார்கள்.

அந்த வளைவில் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். பள்ளத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். எப்சிபா அதைத் தினமும் பார்த்தவள்தான். ஆனால் மணல் மூட்டை நகராது. மூட்டைக்குப் பள்ளத்தைப் பார்த்துப் பயமும் கிடையாது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மலைப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கியது. முன் டயர் மட்கார்டின் விளிம்பில் போய் மாட்டிக் கிரீச்சென்று கத்தியது. ரப்பர் கருகும் வாடை. ஸ்டியரிங் ஒரு விரற்கடை கூட அசையவில்லை.

பிச்சையாவின் ஜீப் பின்னால் வந்து நின்றது. "என்ன டீச்சரம்மா? இறக்கி விடு. காலியாக் கொண்டு போ."

ஒருத்தி இறங்கக் காலைத் தூக்கினாள். எப்சிபா திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "யாரும் இறங்கப்படாது! அப்படியே சாஞ்சு இருங்க!"

"ஏ பிள்ள, பயமா இருக்குட்டி."

"கல்லு அண்டக் குடுத்துட்டேன்னா வண்டி எங்கயும் போவாது. நீங்க அந்தப் பக்கம் சாஞ்சாத்தான் எங்கன ஒரசுதுன்னு எனக்குத் தெரியும். இறங்கிட்டியன்னா அது ஒளிஞ்சுக்கிடும்."

கை பிரேக்கை இழுத்து, கியரில் போட்டுவிட்டுக் குதித்தாள். நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். மட்கார்டின் விளிம்பில் கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம், கோடு கிழித்த மாதிரி. சாமான் பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்தாள்.

"என்ன செய்யப் போற?" என்றார் பிச்சையா.

"அறுக்கப் போறேன்."

"மட்கார்டையா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? நல்ல தகடு."

"டயர அறுக்க முடியாதுல்லா அண்ணாச்சி."

மழை அவள் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. பிளேடு தகட்டில் ஏறி இறங்கியது. வண்டிக்குள் பெண்கள் மலைப்பக்கமாகச் சாய்ந்தபடியே, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். மாடத்தி மட்டும் தலையை வெளியே நீட்டி, "இன்னும் கொஞ்சம் கீழ்ப்பக்கம் அறு. அங்கனயும் கறுப்பு இருக்கு" என்றாள். பிளேடு ஒடிந்தது. இன்னொன்றை மாட்டினாள். எப்சிபாவின் விரலில் தகடு கிழித்து ரத்தம் வந்தது. துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மீதியையும் அறுத்தாள். துண்டு கழன்று விழுந்ததும் சுத்தியலால் விளிம்பை உள்பக்கம் மடக்கினாள்.

பின்னால் நின்ற டிரைவர்களில் ஒருவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஒரு பேச்சும் பேசாமல் சக்கரக் கல்லை எடுத்தான். பிச்சையா அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டாவது கல்லைத் தொடவில்லை. மற்றதை எப்சிபாவே எடுத்தாள்.

டயர் வளைவில் உரசாமல் திரும்பியது. அடுத்தது ஆனைச்சரிவு. அடியில் வந்ததும் பெண்கள் பழக்கத்தில் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

"கீழ வையுங்க" என்றாள் எப்சிபா.

சின்ன லிவர். முதல் கியர். பிச்சையா கேட்ட கேள்வி அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. உருண்டேன்னா? திரும்பிப் போய்விடலாம், இறக்கிவிடலாம், ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை. கிளட்சை விட்டாள். வண்டி முக்கியது, பாதியில் ஒரு சக்கரம் சறுக்கி, பின்பக்கம் ஒரு முழம் விலகியது. உள்ளே யாரோ "முருகா" என்றார்கள். எப்சிபா "இயேசுவே" என்றாள். பிரேக்கைத் தொடவில்லை, ஆக்சிலேட்டரைக் கூட்டவும் இல்லை. அதே மிதியில் வைத்திருந்தாள். பட்டன்கள் பாறையைத் தேடி, தேடி, கவ்வின. வண்டி ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து சமதளத்தில் மூக்கைக் காட்டியது.

உள்ளே ஒரே கூச்சல். ஒருத்தி குலவை போட்டாள்.

பிச்சையா தன் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் ஏறி வந்தார். இறங்கி வந்து எப்சிபாவின் முன்னால் நின்றார்.

"ஏறிட்ட. நல்லாத்தான் ஏறுன. ஆனா பேச்சுன்னா பேச்சு. ஒரு ஆளு தரையில கால வச்சாலும் முறை கெடையாதுன்னு சொன்னேன்."

"யாரு கால வச்சா? ஒருத்தி இறங்கலியே."

"நீ இறங்குன."

எப்சிபா அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. மற்ற டிரைவர்கள் பாறையையும் வானத்தையும் பார்த்தார்கள். அவர்களுக்கும் நாளைக்கு அதே முறையில் வண்டி ஓட வேண்டும்.

"நான் ஆளா அண்ணாச்சி, டிரைவரா?" என்றாள். "சரி. முறையில இருந்து எடுத்துருங்க. டயர எடுக்க மாட்டேன்."

மறுநாள் காலை அவள் ஜீப் ஸ்டாண்டுக்குள் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பலாப்பழம் விற்பவர் பக்கத்தில் நின்றது. கங்காணி ஆட்களை முறைப்படி பிச்சையா வண்டியிலும் மற்ற வண்டிகளிலும் ஏற்றினார். நேற்றுக் குலவை போட்டவள் அவளைப் பார்க்காமல் போய் ஏறினாள். எப்சிபாவுக்கு அழுகை முட்டியது. என்ன நினைத்தோம், எல்லோரும் கிளம்பி நம் பின்னால் வருவார்கள் என்றா? கூலிக்குப் போகிறவர்களிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? முட்டிய அழுகையை அடக்கிவிட்டு சாவியைத் திருகப் போனபோது, பின்னால் இரும்புப் படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

மாடத்தி.

"அங்கன படி இல்ல" என்றாள் அவள். "ஏற முடியலன்னு கங்காணிட்ட சொல்லிட்டேன். போ, மழ வலுக்குது."

"ஒங்க ஒரு ஆளுக்காவயா?"

"நான் ஆளு இல்லையா?"

போனாள். முன்னால் போன மற்ற வண்டிகள் ஆனைச்சரிவைத் தாண்டிப் போய்விட்டிருந்தன. கடைசியாகப் போன பிச்சையாவின் ஜீப், பெண்களை அடியில் இறக்கிவிட்டுக் காலியாகப் பாதி ஏறியிருந்தது. தூக்குச்சட்டிகளோடு பெண்கள் சேற்றில் நின்றார்கள். நேற்று ஏறியவர்களும் அதில் இருந்தார்கள். எப்சிபா பக்கத்தில் போய் நிறுத்தினாள்.

"ஏறுங்க."

"அண்ணாச்சி ஏசுவாரு பிள்ள. ஒன் வண்டி முறையில இல்லலா."

"முறை ஸ்டாண்டுக்கு. அவரு ஒங்கள இங்கன இறக்கிவிட்டாச்சு. ரோட்டுல நிக்கிற ஆளு எதுல ஏறினா யாருக்கு என்ன?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலேயிருந்து பிச்சையா வண்டியின் சக்கரம் உதைத்த கல் ஒன்று உருண்டு வந்து, ஒருத்தியின் காலடியில் சேற்றைத் தெறிக்க வைத்தது. அவள் புடவையைப் பார்த்தாள். பிறகு இரும்புப் படியில் கால் வைத்தாள். அடுத்து குலவைக்காரி. அப்புறம் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். இடமில்லாமல் கடைசி இரண்டு பேர் முன்சீட்டில் எப்சிபாவின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

வண்டி ஏறியது. நேற்றுப் போலவே பாதியில் சறுக்கியது. யாரும் சாமியைக் கூப்பிடவில்லை.

மேலே பிச்சையாவின் ஜீப், ஆட்கள் நடந்து வந்து சேர்வதற்காகப் பாதையை அடைத்து நின்றிருந்தது. அவர் இறங்கி வந்தார். தன் வண்டியில் ஏற்றி வந்த பெண்கள் அத்தனை பேரும் எப்சிபாவின் வண்டிக்குள் மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏய், இது என் லோடு."

"லோடுன்னா கூடவே வச்சிருக்கணும் அண்ணாச்சி" என்றாள் மாடத்தி.

பிச்சையா அவளை விட்டுவிட்டு எப்சிபாவைப் பார்த்தார். சாயங்காலம் ஸ்டாண்டில் இதற்குப் பஞ்சாயத்து இருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. நாளைக்கும் இருக்கும். எப்சிபாவுக்கும் அது தெரியும். அவள் ஒரு காலை கிளட்சிலும் ஒரு காலை பிரேக்கிலும் வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"வண்டியக் கொஞ்சம் ஒதுக்குங்க அண்ணாச்சி. பாரத்தோட வருதேன்."